வீட்டுக்கு காபி மெஷின் வாங்கும் முன்: எந்த வகை யாருக்குப் பொருந்தும்?

காபி மெஷின் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது '15 பார்' அல்லது '19 பார்' என்ற அழுத்த எண். வாங்குபவர்கள் பலரும் இதை வைத்தே இரண்டு மெஷின்களை ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட உதவாத எண் இது. அழுத்தத்தில் இறக்கும் அடர்த்தியான சிறு காபியான எஸ்பிரெசோ இறங்கும்போது காபிப் பொடியின் மேல் இருக்க வேண்டியது சுமார் 9 பார் அழுத்தம். வீட்டு மெஷின்களில் உள்ள சின்ன அதிர்வு பம்ப், தண்ணீர் வெளியேற வழியே இல்லாதபோது எட்டும் உச்சம்தான் அந்த 15. நல்ல மெஷினில் ஒரு ஸ்பிரிங் வால்வு இருந்து, அளவுக்கு மேல் வரும் தண்ணீரை டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். அந்த வால்வு இல்லாமல் முழு அழுத்தமும் பொடியின் மேல் விழுந்தால், பொடி இறுகி எங்காவது ஓரிடத்தில் பிளந்துகொள்ளும். தண்ணீர் அந்தப் பிளவு வழியாகவே ஓடும். அப்படி இறங்கிய காபியில் புளிப்பும் கசப்பும் ஒன்றாகவே இருக்கும்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் வேறு. குடிப்பது பாலோடா, பால் இல்லாமலா? ஒரே வேளையில் எத்தனை கப் போட வேண்டும்? அரைப்பது, அளப்பது, துடைப்பது என்று தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க மனம் வரும்? இந்த மூன்றுக்கும் உள்ளது உள்ளபடி பதில் எழுதிக்கொண்டால் கடையில் இருப்பதில் பாதி கழிந்துவிடும். மீதியில் எதை எடுத்தாலும், சுவையில் மெஷினுக்கு இருப்பதைவிடப் பெரிய பங்கு கிரைண்டருக்கும் தண்ணீருக்கும் உண்டு. இவை இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் மெஷினுக்கே முழுப் பணத்தையும் போடுவதுதான் இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு.

எஸ்பிரெசோ அவசியம்தானா?

பெரிய கப்பில் நிதானமாகக் குடிக்கிற, பால் சேர்க்காத, மூன்று நான்கு பேருக்கு ஒரே சமயத்தில் போட வேண்டிய வீடு என்றால் எஸ்பிரெசோ மெஷினே வேண்டாம். பொடியின் மேல் சுடுநீரைச் சொட்டவிட்டு வடிக்கும் டிரிப் மெஷின் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 60 கிராம் பொடி, பொடியைத் தொடும் தண்ணீர் 92 முதல் 96 டிகிரி, நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் இறங்கி முடிவது: இவ்வளவுதான் தேவை. மலிவான டிரிப் மெஷின்கள் தோற்பது வெப்பத்தில். ஒரு லிட்டர் தண்ணீரை ஆறு நிமிடத்தில் 20 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக, இழப்பே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 870 வாட் வேண்டும். ஆகவே 800, 900 வாட் மெஷின் ஒரு முழு ஜாடியைச் சரியான சூட்டில் சரியான நேரத்துக்குள் இறக்க முடியாது. 1,400 வாட்டுக்குக் குறையாததாகப் பாருங்கள். ஜாடிக்குக் கீழே சூட்டுத் தட்டு உள்ள மாடலில் அரை மணி நேரம் வைத்தால் காபி கருகிய வாசனைக்குப் போய்விடும். இரட்டைச் சுவர் கொண்ட ஸ்டீல் குடுவை உள்ள மாடலே மேல். டிரிப்புக்குக் கொஞ்சம் கரகரப்பான பொடி போதும் என்பதால் கிரைண்டர் செலவும் குறையும்.

அடர்த்தியான காபியில் பால் கலந்து குடிப்பவர், தினம் ஒன்றிரண்டு கப்தான் என்றால், அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்தை முதலில் முயன்று பார்க்கலாம். 1933இல் அல்போன்சோ பியாலெட்டியின் பட்டறையில் பிறந்த வடிவம் அது, இன்றும் பெரிதாக மாறவில்லை. ஒன்றிரண்டு பார் அழுத்தம்தான் கிடைக்கும் என்பதால் அதில் வருவது எஸ்பிரெசோ ஆகாது. ஆனால் பாலுக்கு ஈடு கொடுக்கும். கீழ்ப் பகுதியில் பாதுகாப்பு வால்வுக்குச் சற்றுக் கீழே வரை கொதித்த நீரை ஊற்றி, பொடியை அழுத்தாமல் நிரப்பி, மிதமான தீயில் வைத்து, கடகடவென்ற சத்தம் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் அடுப்பில் விடுவதால்தான் மோக்கா காபி கசக்கிறது.

கேப்ஸ்யூல்

ஒரு கப்புக்கான பொடியை அடைத்து மூடிய சின்னக் குப்பியைப் போட்டு இறக்கும் கேப்ஸ்யூல் மெஷினின் பலம் எளிமை. அரை நிமிடத்தில் சூடாகும், பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வரும், துடைக்க ஒன்றும் இருக்காது. பலவீனம் அந்தக் குப்பிக்குள் இருக்கும் பொடியின் அளவு. நெஸ்பிரெசோவின் பழைய வகைக் கேப்ஸ்யூலில் 5 முதல் 6 கிராம் பொடி. சாதாரண இரட்டை எஸ்பிரெசோவுக்கு 18 கிராம் போடுகிறோம். 40 மில்லியாக இறக்கித் தனியாகக் குடித்தால் நன்றாகவே இருக்கும். 200 மில்லி பாலில் ஊற்றினால் காபி காணாமல் போய்விடும், இரண்டு கேப்ஸ்யூல் போட வேண்டி வரும்.

வாங்கும்போது எந்த அமைப்பு என்று கவனியுங்கள். பழைய வகைக்குப் பல நிறுவனங்கள் கேப்ஸ்யூல் செய்கின்றன, தேர்வு அதிகம். நெஸ்பிரெசோவின் புதிய வகையான வெர்ட்டுவோவில் கேப்ஸ்யூலின் விளிம்பில் பார்கோடு இருக்கும். மெஷின் அதைப் படித்து, நிமிடத்துக்கு 7,000 சுற்றுகள் வரை சுழற்றிக் காபியை இறக்கும். பெரிய கப் வேண்டுவோருக்கு அது வசதி. ஆனால் கேப்ஸ்யூல் வாங்க ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். மெஷின் விலை குறைவாகத் தெரிந்தாலும், ஒரு வருடத்தில் குடிக்கும் கப்புகளைக் கேப்ஸ்யூல் விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நாளுக்கு ஒன்று என்றால் கேப்ஸ்யூல் நியாயமான தேர்வுதான். நாளுக்கு நாலைந்து என்றால் கொட்டை வாங்கி அரைக்கும் வழி வெகு சீக்கிரம் லாபமாகிவிடும்.

முழுத் தானியங்கி

ஒரு பொத்தானில் கொட்டையை அரைத்து, அமுக்கி, இறக்கி, சக்கையைத் தள்ளிவிடும் மெஷின்கள் இவை. வீட்டில் ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் குடிப்பார்கள், யாருக்கும் கற்றுக்கொள்ள ஆர்வமில்லை என்றால் இதுவே சரியான பதில். இதைத் தாழ்வாகப் பேச வேண்டியதில்லை. கைத்திறனை எதிர்பார்க்கும் மெஷினை வாங்கிவிட்டு, ஒருவர் இல்லாத நாளில் வீட்டில் யாருக்கும் காபி கிடைக்காமல் போவதைவிட இது மேல்.

எல்லைகளும் உண்டு. உள்ளே இருக்கும் காபி அறையில் பெரும்பாலும் 10 முதல் 14 கிராம்தான் கொள்ளும். கிரைண்டரின் படிகள் அகலமானவை. அதனால் கைமெஷினில் கிடைக்கும் அடர்த்தியும் தெளிவும் இதில் கிடைக்காது. அமைப்பில் கிரைண்டரை நுண்ணிய பக்கமாகவும், தண்ணீர் அளவைக் குறைவாகவும் வைத்தால் சுவை கணிசமாகத் தேறும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டுகிறவர்கள் இந்த ஒரு மாற்றத்தைத் தவற விடுகிறார்கள். கிரைண்டர் ஓடும்போது மட்டுமே அதன் திருகை நுண்ணிய பக்கம் திருப்ப வேண்டும். நின்றிருக்கும்போது திருப்பினால் பற்களுக்கிடையில் சிக்கிய கொட்டை நெரிந்து அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கறுக்க வறுத்த கொட்டையை இந்த மெஷின்களில் போடாதீர்கள். கொட்டை கொள்கலனின் சரிவில் ஒட்டி நின்றுவிடும். கிரைண்டர் வெறுமனே சுற்றும், மெஷினோ 'கொட்டை இல்லை' என்று சொல்லும். வாசனை, சர்க்கரை பூசிய கொட்டை கிரைண்டரையே கெடுக்கும்.

வாங்கும் முன் கதவைத் திறந்து பார்க்க வேண்டிய ஒன்று, காபி இறங்கும் உள் அலகைக் கழற்ற முடிகிறதா என்பது. பிலிப்ஸ், டெலோங்கி மெஷின்களில் பெரும்பாலும் கழற்றலாம். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, காயவைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நகரும் இடங்களில் உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் தடவினால் வருடக் கணக்கில் உழைக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தால் கிரீஸ் கரைந்து, அலகு இறுகி, நடுவழியில் நின்றுவிடும். ஜூரா மெஷின்களில் அந்த அலகு உள்ளேயே நிலையாக இருக்கும். மெஷின் கேட்கும்போதெல்லாம் சுத்திகரிப்பு மாத்திரை போட்டு ஓட்ட வேண்டும். அலச மறக்கிறவர்களுக்கு ஜூரா முறை வசதி. உள்ளே என்ன நிலை என்று கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்பவர்களுக்குக் கழற்றும் வகையே சரி. சூடான, ஈரமான பொடி தங்கும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பார்க்க முடிவது பெரிய விஷயம்தான்.

பால் பகுதி இன்னொரு கவலை. மெல்லிய குழாய் வழியாகப் பாலை உறிஞ்சும் அமைப்பில் ஒவ்வொரு உபயோகத்துக்குப் பிறகும் தண்ணீர் ஓட்டி அலசாவிட்டால் இரண்டே நாளில் நாற்றம் வரும், நுரை குறையும். குழாயே இல்லாமல் இரண்டு துண்டாகப் பிரியும் பால் குடுவை உள்ள மாடல்களைக் குழாயடியில் பதினைந்து விநாடியில் கழுவிவிடலாம். தினமும் பால் காபிதான் என்றால் இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மாடலை மாற்றிக்கொள்ளலாம்.

கைமெஷின்: உண்மையில் தேர்ந்தெடுப்பது பாய்லரை

கைப்பிடி உள்ள வடிகட்டியான போர்ட்டாஃபில்டரில் பொடி போட்டு, அமுக்கி, மாட்டி இறக்கும் மெஷின்களில் வெளித்தோற்றம் எப்படியிருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது தண்ணீரைச் சூடாக்கும் முறை. காபிக்கு 90 முதல் 96 டிகிரி தண்ணீர் வேண்டும். பால் நுரைக்கு 120 டிகிரிக்கு மேலான நீராவி வேண்டும். இந்த இரண்டு வெப்பத்தையும் மெஷின் எப்படித் தருகிறது என்பதில்தான் விலையும் வசதியும் தொல்லையும் அடங்கியிருக்கின்றன.

முதல் வகை தெர்மோபிளாக். பாய்லரே கிடையாது, சூடான உலோகக் கட்டியின் உள்ளே ஓடும் பாதையில் தண்ணீர் போகும்போதே சூடாகிறது. பிரெவில் பம்பினோ இந்த இனத்தில் வேகமானது. மூன்று விநாடியில் தயார் என்கிறார்கள், தண்ணீரைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் போர்ட்டாஃபில்டர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த உலோகம் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் முதல் ஷாட் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரெசோ) புளிக்கும். பொடி போடும் துளைக் கிண்ணமான பாஸ்கெட்டை வெறுமனே மாட்டி ஒருமுறை தண்ணீர் ஓட்டிவிட்டு, துடைத்து, பிறகு பொடி போட்டால் அந்தக் குறை தீரும். சின்ன சமையலறை, அவசர நேரம், நாளுக்கு இரண்டு மூன்று கப் என்றால் இவ்வகைக்கே என் வாக்கு. எடை குறைவாக இருப்பதால் போர்ட்டாஃபில்டரை மாட்டும்போது மெஷின் மேடையில் நகரும். ஒரு கையால் பிடித்துக்கொண்டே மாட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது ஒற்றை பாய்லர். காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா இரண்டும் இதில் பெயர் பெற்றவை. இரண்டிலும் கடைகளில் இருக்கும் 58 மில்லிமீட்டர் அளவு போர்ட்டாஃபில்டர், இரண்டையும் ஸ்குரூடிரைவரால் திறந்து பழுது பார்க்கலாம், இரண்டுக்கும் உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும். காஜியாவின் பாய்லர் ஏறக்குறைய 100 மில்லிதான். சில்வியாவில் 300 மில்லி பித்தளை பாய்லர். அதனால் சில்வியாவில் நீராவி வலுவாக வரும், காஜியா சீக்கிரம் சூடேறும். ஒரே பாய்லர் இரண்டு வேலையும் செய்வதால் காபி இறக்கிய பிறகு ஸ்டீம் சுவிட்சைப் போட்டு அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இருவருக்குப் பால் காபி போடும் வீட்டில் இது பழகிவிடும். நான்கு பேருக்கு என்றால் கடைசி கப் தயாராகும்போது முதல் கப் ஆறியிருக்கும்.

இந்த வகையில் ஹீட்டர் எரிந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். நீராவி எடுக்க எடுக்க பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கும். பால் முடிந்ததும் ஸ்டீம் சுவிட்சை அணைத்து, பம்பை ஓட்டி, ஸ்டீம் குழாய் வழியாகச் சீறல் நின்று சீரான தண்ணீர் வரும்வரை விட வேண்டும். அப்படிச் செய்தால் பாய்லர் நிரம்பும், சூடும் காபிக்கு ஏற்ற அளவுக்கு இறங்கும். இதை விட்டுவிட்டால் ஹீட்டர் கம்பி தண்ணீருக்கு வெளியே நின்று கருகும்.

சாதாரண தெர்மோஸ்டாட் உள்ள மாடலில் வெப்பம் பல டிகிரி மேலும் கீழுமாக ஊசலாடும். அதே பொடி, அதே அளவு, ஆனால் நேற்று இனிப்பு, இன்று கசப்பு என்று குழம்புவது இதனால்தான். விளக்கு அணைந்து இத்தனை விநாடி கழித்து இறக்குவது என்று ஒரு நேரத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டால் சமாளிக்கலாம். பிஐடி என்ற மின்னணுக் கட்டுப்பாடு இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். கூடுதல் பணம் கொடுப்பதானால் பளபளப்புக்குக் கொடுக்காமல் பிஐடிக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, வெப்பப் பரிமாற்றி வகை. ஒன்றரை, இரண்டு லிட்டர் பாய்லர் முழு நேரமும் நீராவி வெப்பத்தில் இருக்கும். அதன் நடுவே போகும் குழாயில் காபிக்கான தண்ணீர் ஓடி, போகிற போக்கில் சூடாகும். ஒரே நேரத்தில் காபியும் நுரையும். மெஷின் சும்மா நின்றிருந்தால் குழாயில் தேங்கிய தண்ணீர் அளவுக்கு மேல் சூடாகிவிடும். ஆகவே காபிக்கு முன் கொஞ்சம் தண்ணீரை வீணாக ஓட்ட வேண்டும். முதலில் கொதித்துச் சீறிக்கொண்டு வரும், பிறகு அமைதியாக ஒரே நூலாக விழும். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகு இரண்டு மூன்று விநாடி கழித்து நிறுத்திவிட்டு இறக்க வேண்டும். அடுத்தடுத்து ஆறு பால் காபி போடும் வீட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். இளம் வறுவல் கொட்டையில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுவை மாறுவதை ரசிப்பவருக்கு இது எரிச்சல் தரும்.

அவருக்கு நான்காவது வகையான இரட்டை பாய்லர்தான் ஏற்றது. ஒரு பாய்லர் 93 டிகிரி, மற்றது 125, இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம். பழுதாகும் பாகங்களும் இரட்டிப்பு என்பதை மறக்கக் கூடாது.

பெரிய மெஷின்கள் பலவற்றில் முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் கனத்த குழல் அமைப்புக்கு ஈ61 என்று பெயர். ஃபேமா நிறுவனம் 1961இல் கொண்டுவந்தது. சுமார் நான்கு கிலோ பித்தளை என்பதால் ஒருமுறை சூடேறினால் வெப்பம் அசையாது. சூடேற 30, 40 நிமிடம் ஆகும். பொறுக்க முடியாதவர்கள் டைமர் பிளக் வைத்துக் காலையில் தானாகப் போட வைக்கிறார்கள். மேலும் கீழுமாகத் தட்டும் சாதாரண சுவிட்ச் உள்ள மெஷினில்தான் இது நடக்கும். தொட்டால் இயங்கும் மின்னணுப் பொத்தான் உள்ள மெஷின் கரண்ட் வந்தாலும் அணைந்த நிலையிலேயே நிற்கும். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

மின்சாரமும் பம்பும் வேண்டாம் என்பவர்களுக்குக் கைநெம்புகோல் மெஷின்கள் உண்டு. ஃபிளேர், கஃபெலாட் ரோபோ போன்றவற்றில் கெட்டிலில் கொதித்த நீரை ஊற்றி, நெம்புகோலை அழுத்தி, அழுத்தத்தைக் கையாலேயே ஏற்றி இறக்கலாம். கெடுவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை, ரப்பர் வளையம் மட்டும் மாற்றினால் போதும். கொடுக்கும் பணத்துக்குக் கப்பில் கிடைக்கும் தரம் இந்த வகையில்தான் மிக அதிகம். ஆனால் பால் நுரைக்கு வழியில்லை, இரண்டாவது கப்புக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பால் இல்லாமல், தனி ஆளாக, ஒன்றிரண்டு கப் குடிப்பவருக்கானது.

கிரைண்டர் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள்

எஸ்பிரெசோவில் தண்ணீர் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பொடியின் நுண்மை. கடையில் அரைத்து வாங்கிய பொடி ஒரே அளவில் இருக்கும், உங்கள் மெஷினுக்கு அது பொருந்த வேண்டும் என்ற அவசியமில்லை. இதைத் தெரிந்துதான் மலிவான மெஷின்களோடு அழுத்த பாஸ்கெட் கொடுக்கிறார்கள். திருப்பிப் பாருங்கள்: அடியில் நூற்றுக்கணக்கான துளைகளுக்குப் பதில் ஊசிமுனை அளவில் ஒரே துளை இருந்தால் அதுதான். எந்தப் பொடியைப் போட்டாலும் அந்த ஒற்றைத் துளை அழுத்தம் கொடுத்து மேலே நுரை வரவழைக்கும். பார்க்க க்ரீமா (நல்ல எஸ்பிரெசோவின் மேல் நிற்கும் நுரை), குடிக்க வெறும் காற்று நுரை. கிரைண்டர் வாங்கும் எண்ணமே இல்லை என்றால் அந்த பாஸ்கெட்டோடு திருப்திப்படலாம். ஆனால் அந்தப் பணத்துக்கு மோக்கா பாத்திரம் நல்ல காபி தரும் என்பதே என் கருத்து.

மொத்தப் பணத்தில் பாதியைக் கிரைண்டருக்கு ஒதுக்கினால் தவறாகாது. கத்தி சுழலும் மிக்ஸி வகை உதவாது, தூளும் துண்டுமாக வரும். பல் சக்கரம் உள்ளதாக, எஸ்பிரெசோ எல்லைக்குள் மிக நெருக்கமான படிகள் உள்ளதாக வேண்டும். ஒரு படி மாற்றினால் இறங்கும் நேரம் 35 விநாடியிலிருந்து 15 விநாடிக்குத் தாவும் என்றால் நடுவில் இருக்கும் நல்ல ஷாட் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. படியே இல்லாமல் தொடர்ச்சியாகத் திரும்பும் வகை இன்னும் நல்லது. கையால் சுற்றும் கிரைண்டரில் 18 கிராம் அரைக்க ஒரு நிமிடம், இளம் வறுவல் என்றால் அதற்கு மேலும் ஆகும். அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டால் அதே விலை மின்சாரக் கிரைண்டரைவிடச் சீரான பொடி கிடைக்கும். மெஷினோடு சேர்ந்தே கிரைண்டர் உள்ள மாடல்கள் இடத்தை மிச்சப்படுத்தும். ஒன்று கெட்டால் இரண்டையும் பழுதுக்கு அனுப்ப வேண்டும், பின்னாளில் ஒன்றை மட்டும் மேம்படுத்தவும் முடியாது.

புதிய கொட்டை வந்ததும் செய்ய வேண்டியது இது. 0.1 கிராம் காட்டும் தராசில் 18 கிராம் பொடி. மெல்லிய கம்பியால் கட்டிகளைக் கலைத்து, மட்டமாக அமுக்குங்கள். எவ்வளவு பலம் என்பதைவிடச் சாயாமல் அமுக்குவது முக்கியம். கப்பைத் தராசில் வைத்து, பம்ப் போட்டதும் நேரம் எண்ணத் தொடங்கி, 36 கிராம் வந்ததும் நிறுத்துங்கள். 25 முதல் 30 விநாடி ஆகியிருந்தால் குடித்துப் பாருங்கள். 15 விநாடியில் வெளிறிப் பாய்ந்து, நாக்கின் ஓரத்தில் புளித்தால் நுண்ணிதாக அரையுங்கள். 45 விநாடி சொட்டுச் சொட்டாக வந்து தொண்டையில் கசந்தால் கரகரப்பாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பொடி அளவையும் நுண்மையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. நேரம் சரியாக இருந்தும் புளித்தால் 36க்குப் பதில் 42 கிராம்வரை இறக்குங்கள், அல்லது வெப்பத்தை இரண்டு டிகிரி ஏற்றுங்கள். கறுத்த வறுவலுக்கு 88 முதல் 91 டிகிரி, இளம் வறுவலுக்கு 94, 95 நல்ல தொடக்கம். கிரைண்டருக்குள் பழைய பொடி கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதால் மாற்றிய பிறகு வரும் முதல் சில கிராமை ஒதுக்கிவிடுங்கள்.

எதைச் செய்தாலும் வேகமாகப் பாய்கிறதா? வறுத்த தேதியைப் பாருங்கள். பல மாதம் பழைய கொட்டை எதற்கும் கட்டுப்படாது. வறுத்து இரண்டு நாளே ஆனதும் வாயுவைக் கக்கிக்கொண்டு ஒழுங்கில்லாமல் இறங்கும். ஒரு வாரத்திலிருந்து நான்கைந்து வாரம் வரை நல்ல காலம்.

தண்ணீர்

மெஷின்களைக் கொல்வதில் முதலிடம் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புக்கு. கடினத்தன்மை லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில், இருந்தால் நல்லது. 150க்கு மேல் போனால் ஹீட்டரிலும் வால்விலும் வெள்ளைப் படிவு வேகமாகச் சேரும். தண்ணீர் வரத்து குறைவது, பம்ப் சத்தம் மாறுவது, ஸ்டீம் பலவீனமாவது எல்லாம் அதன் அறிகுறிகள். சோதனைத் தாள் ஒன்றில் இதை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அதற்குப் பயந்து முழுக்கத் தாது நீக்கிய தண்ணீரை ஊற்றினால் வேறு பிரச்சினை. காபி தட்டையாகும், உலோகம் அரிக்கும். பெரிய பாய்லர் மெஷின்களில் தண்ணீர் மட்டத்தை ஒரு மின்முனை உணர்கிறது. தாதுவே இல்லாத நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் பாய்லர் நிரம்பியிருந்தும் காலி என்று நினைத்து மெஷின் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு எளிய தீர்வு, வடித்த நீர் ஒரு லிட்டருக்கு 0.1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கலப்பது. சுண்ணாம்பு சேரவே சேராது, அரிப்பும் தடுக்கப்படும், சுவையும் நன்றாக இருக்கும். ஐந்து லிட்டருக்கு அரை கிராம் என்று ஒரேயடியாகக் கலந்து வைத்தால் அளப்பதும் சுலபம்.

படிவை நீக்க லிட்டருக்கு 20 கிராம் அளவில் சிட்ரிக் அமிலம் போதும். வினிகர் ரப்பர் வளையங்களில் நாற்றத்தை விட்டுவிடும். அலுமினிய பாய்லர் என்றால் அமிலத்தை நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள். பெரிய வெப்பப் பரிமாற்றி மெஷினில் பழைய படிவை வீட்டிலேயே கரைக்க முயல்வது ஆபத்து. உடைந்த சில்லுகள் போய் மெல்லிய துளைகளை அடைத்துவிடும், பிறகு கழற்றித்தான் ஆக வேண்டும்.

பராமரிப்பும் பழைய மெஷினும்

மூன்றுவழி வால்வு உள்ள மெஷினில் பம்பை நிறுத்தியதும் மிச்ச அழுத்தம் கீழ்த்தட்டுக்குப் போய்விடும், சக்கை உலர்ந்து வட்டமாக விழும். அது இல்லாத மெஷினில் உடனே போர்ட்டாஃபில்டரைத் திருப்பினால் சுடச்சுடச் சேறு தெறிக்கும். அரை நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த வால்வு உள்ள மெஷினில் வாரம் ஒருமுறையாவது, துளையில்லாத பாஸ்கெட்டில் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாகச் சுத்திகரிப்புப் பொடி போட்டு, பத்து விநாடி பம்ப், பத்து விநாடி ஓய்வு என ஐந்து முறை செய்து, பிறகு வெறும் தண்ணீரில் அதையே திரும்பச் செய்ய வேண்டும். முதல் முறை கீழ்த்தட்டில் விழும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தால் இது ஏன் என்று கேட்க மாட்டீர்கள். வால்வு இல்லாத மெஷினில் இதைச் செய்யவே கூடாது, அழுத்தம் வெளியேற வழியிருக்காது. ஸ்டீம் குழாயைப் பால் முடிந்த அந்த நொடியே ஈரத் துணியால் துடைத்து, ஒரு விநாடி நீராவி விடுங்கள். காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

போர்ட்டாஃபில்டர் விளிம்பில் தண்ணீர் கசிந்தால் பெரும்பாலும் ரப்பர் கேஸ்கெட் இறுகிவிட்டது என்று அர்த்தம். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது இயல்பு. அதை வீட்டிலேயே மாற்ற முடிகிற மெஷினா என்பதும் தேர்வில் ஒரு கேள்விதான்.

புதிதாக ஒரு சாதாரண மெஷினா, பழையதாக ஒரு நல்ல மெஷினா என்றால், 58 மில்லிமீட்டர் ஒற்றை பாய்லர் மெஷின்களிலும் ஈ61 மெஷின்களிலும் பழையதை எடுக்கத் தயங்க வேண்டாம். முழுத் தானியங்கியில் தயங்குங்கள். உள்ளே பார்க்க முடியாத பிளாஸ்டிக் பாகங்கள் அதில் அதிகம். பார்க்கப் போகும்போது மெஷினை அணைத்து ஆறவைத்திருக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து போட்டு, சூடேறும் நேரம், காபி வழியில் தண்ணீர் சீராக விழுகிறதா, ஸ்டீம் தொடர்ந்து வருகிறதா, அடியில் ஈரம் உண்டா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் விழும் சல்லடைத் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பொருக்கு இருந்தால் பாய்லருக்குள்ளும் அதுவே இருக்கும். வேறு நாட்டிலிருந்து வந்ததாக இருந்தால் பின்பக்கத் தகட்டில் 110 வோல்ட்டா, 220 வோல்ட்டா என்று படித்துவிடுங்கள். 1,400 வாட் ஹீட்டருக்கு மின்மாற்றி (டிரான்ஸ்ஃபார்மர்) வாங்கி வைப்பது கட்டுப்படியாகாது. கடைசியாக, மேடைக்கும் மேலே இருக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள உயரத்தை அளந்துகொண்டு போங்கள். தண்ணீர் டேங்கை மேல்பக்கமாகத் தூக்கி எடுக்கும் மெஷினுக்கு அதன் உயரத்தோடு இன்னும் ஒரு சாண் இடம் வேண்டும்.